வாசகர் கேள்வி: ஸ்விஃப்ட் ஸ்போர்ட், மெனுவலா ஒட்டோவா?

கேள்வி: வீடு ஹட்டனில், வேலை நுவரெலியாவில். பாவித்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். மெனுவல் எடுப்பதா, ஒட்டோவா?
– வாசகர், ஹட்டன்

பதில்: உங்கள் பாதைக்கு மெனுவல்தான், தம்பி. தலவாக்கலைக்கு மேலே கொழுந்து லொறி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டாம் கியரில் பிடித்திருந்து, பாதை தெளிந்ததும் ஒரே மிதியில் முந்த வேண்டும். 2017இல் வந்த 1.4 லீட்டர் டர்போ மொடலில் 230 நியூட்டன் மீற்றர் இழுவை என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போதே கிடைக்கும், வண்டியும் ஒரு தொன்னுக்குள்தான். ஏற்றத்தில் சும்மா சும்மா கியர் மாற்ற வேண்டியதில்லை. திரும்பி இறங்கும்போது அதே இரண்டாம் கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. மழையும் பனிமூட்டமுமாக இறங்குகிறவருக்கு இது பெரிய விஷயம்.

வீட்டில் வேறு யாரும் ஓட்டுவதென்றால், அல்லது கொழும்பு நெரிசலுக்கு அடிக்கடி போவதென்றால், அதே மொடலின் 6 கியர் ஒட்டோவை எடுக்கலாம். அதற்கு முந்தைய 1.6 மொடலில் ஒட்டோ என்று வருவது சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை. மலைக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

மெனுவல் பார்க்கப் போனால் நல்ல ஏற்றமொன்றில் மூன்றாம் கியரில் அழுத்திப் பாருங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் கழிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.