மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வாசகி, பெருமாநல்லூர்: என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் நாலு வருசமா அயர்னிங் வேலை. மாசம் 12,000 ரூபாய் கணக்குப் போட்டு பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டும் பிடிச்சாங்க. ராத்திரி ஷிப்டுக்கு பைக்கில் போறப்ப லாரி மோதி இறந்துட்டார். பிள்ளைகளுக்கு 9, 6 வயசு. கம்பெனியில் 50,000 தந்து, ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறாங்க. பத்து வருசம் ஆகாததால் பி.எஃப். பென்ஷனும் கிடையாதுன்னு சொல்றாங்க. நிசமுங்களா?

அம்மா, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி உரிமை கோரமாட்டேன்" என்கிற வாசகம் அதில் இருக்கலாம். 50,000 ரூபாயை உதவியாகத் தருவதென்றால் "பணம் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வரி ரசீது போதும்.

பத்து வருசம் என்பது உயிரோடு இருந்து 58 வயதில் பென்ஷன் வாங்குகிறவருக்கான கணக்கு. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் அந்த நிபந்தனை கிடையாது. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. குறைந்தது மாதம் 1,000 ரூபாய், சம்பளத்தைப் பொறுத்து அதற்கு மேலும் வரும். பிள்ளைகளுக்கு 25 வயது வரை, ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு, தலைக்கு உங்கள் பென்ஷனில் கால் பங்கு தனியாக வரும்.

பி.எஃப். அலுவலகத்திலிருந்து உங்களுக்கு வர வேண்டியது மூன்று: அவர் கணக்கில் சேர்ந்த பணம், பென்ஷன், இ.டி.எல்.ஐ. எனும் காப்பீட்டுத் தொகை. இந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனாலேயே பல வீடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கணக்கு இதுதான்: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்க வேண்டும், அதோடு பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதியைக் கூட்ட வேண்டும். உங்கள் கணக்கில் 12,000 × 35 = 4,20,000. இருப்பு சராசரியாக 80,000 இருந்தால் இன்னொரு 40,000. ஆக 4,60,000. உச்சவரம்பு 7 லட்சம். 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தபட்சம் 2.5 லட்சம். அந்த ஓராண்டுக்குள் கம்பெனி மாறியிருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

இறப்புக்கான ஒருங்கிணைந்த படிவம் ஒன்றிலேயே மூன்றையும் கேட்கலாம். இறப்புச் சான்று, உங்கள் பெயரில் உள்ள வங்கிப் பாஸ்புக், ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, உங்கள் புகைப்படம் வேண்டும். அவர் நாமினி பதிந்திராவிட்டால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று கேட்பார்கள். கம்பெனி கையெழுத்துப் போட மறுத்தால் காத்திருக்க வேண்டாம். வங்கி மேலாளரிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கி, மறுத்த விவரத்தையும் எழுதி நேராகப் பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது, அங்கும் கொடுக்கலாம்.

மனு திரும்புவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் "கே. செந்தில்", பி.எஃப்-ல் "செந்தில்குமார்" என்றிருந்தால் நின்றுவிடும். அதை முதலில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்போது பழைய யு.ஏ.என். எனும் நிரந்தர பி.எஃப். எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கிவிடுவது நம் ஊரில் சாதாரணம். அப்படி இரண்டு எண் இருந்தால் நாலு வருசச் சர்வீஸ் இரண்டாக உடைந்து நிற்கும். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள். பீஸ் ரேட்டில் 20,000 சம்பாதித்திருந்தாலும் கணக்கில் 12,000 என்று காட்டியிருந்தால் எல்லாப் பணமும் அந்த 12,000-ஐ வைத்தே வரும். பிடித்தம் குறைகிறதே என்று சந்தோஷப்படும் தொழிலாளர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரியது இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், வேலை விபத்தாகவே கருதப்படும். 2010-இல் சட்டத்தில் சேர்த்தது இது. அப்படி ஏற்கப்பட்டால் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்குத் தலா ஐந்தில் இரண்டு என்பது விதி. உங்கள் வீட்டில் கூட்டினால் முழுத் தொகையைத் தாண்டுவதால் 3:2:2 என்று பிரிப்பார்கள். மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் வரை, உங்களுக்கு மறுமணம் செய்யாதவரை ஆயுள் முழுக்க. இறுதிச் சடங்குக்கு 15,000 வரை தனி.

இங்கே சறுக்குவது எஃப்.ஐ.ஆரில். "சொந்த வேலையாகச் சென்றபோது" என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அன்றைய ஷிப்ட் அட்டவணை, வருகைப் பதிவு நகல் நான்கையும் சேருங்கள். கம்பெனி, விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லையானால் நீங்களே எழுதிக் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். லாரியின் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுவது தனி வழி. ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுங்கள்.

வாசகர், வெள்ளக்கோவில்: எங்க அம்மிச்சிக்கு (அம்மாவைப் பெத்தவங்க) 71 வயசு. ஓ.ஏ.பி.க்கு (முதியோர் பென்ஷன்) எழுதினதுக்கு "மகன் உள்ளார்" என்று தள்ளிவிட்டாங்க. மாமன் ஒத்தப் பைசா தருவதில்லை. மூணு ஏக்கர் காட்டையும் அம்மிச்சி அவருக்கே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டாங்க.

மகன் உள்ளார் என்பது வேறு, மகன் பார்த்துக்கொள்கிறார் என்பது வேறு. மனு நிற்பது பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் விசாரணை அறிக்கையில்தான். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். பிறகு மகன் தனிக் குடும்ப அட்டையில் இருப்பது, அம்மிச்சி தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது, அக்கம்பக்கத்தார் இருவரின் வாக்குமூலம் எல்லாம் சேர்த்து இ-சேவை மையத்தில் புது மனுப் போடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் ஒரு நகல் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "வராது" என்பதை வைத்து எங்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. மறுப்பதை எழுத்தில் வாங்க வேண்டும் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வழி, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயத் தலைவர். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை மகன் தர வேண்டுமென்று உத்தரவிடலாம். செட்டில்மெண்ட் பத்திரத்தை ஒரு தரம் முழுதாகப் படியுங்கள். "ஆயுள் வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை அதில் இருந்தால், பராமரிக்கத் தவறிய காரணத்துக்காகப் பத்திரத்தையே ரத்துச் செய்ய இதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நிபந்தனை இல்லாத பத்திரம் என்றால் வழக்கு கடினமாகும். காடு எழுதிக் கொடுக்க நினைக்கும் பெரியவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது.

பென்ஷன் தொகை 2023-இல் 1,000-இலிருந்து 1,200 ஆனது. மத்திய அரசுத் திட்டத்தில் வருபவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை வெறும் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200. மீதியை மாநிலம் போடுகிறது. பதினைந்து வருசத்துக்கு மேலாக ஒரு முதியவரின் அரிசி பருப்புக் கணக்கை யாரும் திருத்திப் பார்க்காதது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

வாசகர், கோபிசெட்டிபாளையம்: கார் வைத்திருப்பவர் வீட்டுக்கும் ரேஷன் அரிசி எதற்கு? ஏழைக்கு மட்டும் கொடுத்தால் அரசுக்கு மிச்சம்தானே?

நியாயமான கேள்விதான். ஆனால் "ஏழைக்கு மட்டும்" என்றால் யார் ஏழை என்று ஒருவர் பட்டியல் எழுத வேண்டும். அங்கே இரண்டு விதத் தவறு நடக்கும். வேண்டாதவருக்குக் கிடைப்பது ஒன்று, வேண்டியவருக்குக் கிடைக்காமல் போவது இன்னொன்று. முதலாவதில் அரசுக்குப் பணம் போகிறது. இரண்டாவதில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

நம் பக்கத்தையே பாருங்கள். காங்கயம், மூலனூர்ப் பக்கம் பத்து ஏக்கர் மேட்டாங்காடு வைத்திருப்பவர் காகிதத்தில் நிலக்கிழார். மழை பொய்த்த வருசம் அவர் வீட்டில் பால் காசுதான் வரவு. சோமனூரிலும் பல்லடத்திலும் ஆறு தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுபவர் காகிதத்தில் முதலாளி. பாவும் நூலும் வேறொருவருடையது, ஜவுளி வியாபாரி நிர்ணயிக்கும் மீட்டர் கூலிதான் அவர் சம்பாத்தியம். இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

2011 ஜனவரி கடைசியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயிகளுக்கும் அது நியாயம். ஆனால் சாயத்தொட்டியில் நின்றவர்களுக்கு அடுத்த சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. முந்தின வருசம் எடுத்த பட்டியலில் அவர்கள் "வேலையில் உள்ளவர்" என்றுதான் இருந்திருப்பார்கள். 2020 மார்ச் ஊரடங்கிலும் அதே கதை. அப்போது யாரும் போய்த் தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, கையில் இருந்த அரிசி அட்டை போதுமாக இருந்தது. 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்துப் பிரித்தபோது தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனை விடாமல் வைத்துக்கொண்டது. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த பிறகும், முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி நிற்கவில்லை. நம் மாநிலம் எடுத்த நல்ல முடிவுகளில் இதை முன்வரிசையில் வைக்கிறோம்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேர்வதற்கும் காரணம் இதே எளிமைதான். தறி ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள், குடும்ப வருமானத்தைத் துருவுவதில்லை.

உங்கள் கோபத்துக்கு உரிய இடம் ஒன்று உண்டு. ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் போவது. அதைத் தடுக்க வேண்டியது கிடங்கிலும் சோதனைச் சாவடியிலும். அரிசி வாங்காத வசதியான வீட்டார் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள இணையத்திலேயே வழி இருக்கிறது.

வாசகி, பவானி: மாமனார் ஐம்பது வருசம் ஜமக்காளம் நெய்தவர். விரல் ரேகை மெஷினில் விழுவதே இல்லை. ரேஷன் கடையில் திருப்பி அனுப்புறாங்க.

அட்டையில் பெயருள்ள வேறு யார் போய் விரல் வைத்தாலும் பொருள் தர வேண்டும். அவர் மட்டுமே உள்ள அட்டை என்றால் கண் கருவிழி பார்க்கும் கருவியில் பதியச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர் என்றால், இன்னொருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தைக் கடையிலேயே கேட்டு நிரப்பலாம். விரலைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு வைத்தால் சில நேரம் ரேகை விழும். ஆதார் மையத்தில் பத்து விரலையும் புதிதாகப் பதிந்து வைப்பதும் நல்லது. திருப்பி அனுப்பினால் 1967 என்ற இலவச எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள்.

வாசகி, பல்லடம்: ஐந்து மாதம் முழுகாமல் இருக்கேன். போன மாசம் காண்ட்ராக்டர் மாறிட்டார். இ.எஸ்.ஐ. பேறுகாலப் பணம் வருமுங்களா?

பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாள் சந்தா இருந்தால் வரும். ஏப்ரல்–செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்–மார்ச் இன்னொன்று. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சராசரிச் சம்பளம் முழுதாக. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டர் மாறினாலும் உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண் மாறக் கூடாது. புதியவர் "எல்லோருக்கும் புதுசா போட்டுடலாம்" என்று இன்னொரு எண் உருவாக்கினால் பழைய நாட்கள் அந்தக் கணக்கில் வராது. பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி இன்றே கொடுங்கள். கொடுத்ததற்கு அவர் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.