பாதியில் நிற்கும் கால்வாய்

கேள்வி: எங்கள் தாமான் (குடியிருப்பு) கால்வாய் வேலை, திட்டப் பலகையில் போட்ட முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் கழித்தும் பாதியில் நிற்கிறது. குத்தகையாளருக்கு அபராதம் கிடையாதா?
– வாசகி, சிலாங்கூர் தோட்டப்புற நகரம்

பதில்: உண்டு, ஆனால் தானாக விழாது. முதலில் பலகையில் யாருடைய திட்டம் என்று பாருங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வேலைக்கு ஊராட்சி மன்றத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை.

அரசு வேலைகளில் பரவலாக உள்ள 203ஏ ஒப்பந்தப் படிவத்தின் 40ஆம் ஷரத்துப்படி, பொறுப்பதிகாரி 'வேலை முடியவில்லை' என்று சான்றிதழ் கொடுத்த பிறகே குத்தகையாளரிடம் நாள் கணக்கில் தாமத இழப்பீடு பிடிக்கலாம். நாளுக்கு 200 ரிங்கிட் என்றால் 90 நாளுக்கு 18,000. ஆனால் கடும் மழை, இடத்தைத் தாமதமாக ஒப்படைத்தது என்று 'லாஞ்சுத்தான் மாசா' (கால நீட்டிப்பு) கொடுத்துவிட்டால் முடிவுத் தேதியே நகர்ந்துவிடும். அந்த நாட்களுக்கு இழப்பீடு போச்சு. சூட்சுமம் பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் ஆயிரம் வரும். எத்தனை நாள் நீட்டிப்பு, என்ன காரணம், சான்றிதழ் தேதி என்ன, இதுவரை கொடுத்த தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சிலாங்கூரில் 2011 தகவல் சுதந்திரச் சட்டம் இதற்கு உதவும். ஊராட்சிச் சட்டம் 1976, பிரிவு 23இன்படி மன்றத்தின் முழுக் கூட்டத்தில், மன்றம் வேறு தீர்மானம் போடாதவரை, பொதுமக்கள் அமரலாம். மன்றத்தின் குழுக் கூட்டங்களுக்கு, அந்தக் குழுவே தீர்மானம் போட்டாலொழிய, அது பொருந்தாது.