பெல்ஃபாஸ்டில் நீங்கள் எந்தப் பக்கம்?

தம்பி, ஆஸ்பத்திரி வேலைக்கான படிவத்தில் புராட்டஸ்டண்டா கத்தோலிக்கரா என்று கேட்கிறார்கள், நான் இந்து, எதை டிக் பண்ணுவது என்று கேட்டிருந்தீர்கள். 'இரண்டும் இல்லை' என்று இன்னொரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணுங்கள். இந்த வட அயர்லாந்தில் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் என்றால் பிரிட்டன் பக்கம், கத்தோலிக்கர் என்றால் அயர்லாந்து பக்கம். ஒரு காலத்தில் இங்கே கத்தோலிக்கர்களுக்கு நல்ல வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்தப் பாரபட்சத்தைக் கண்காணிக்க வந்த சட்டத்துக்காக எடுக்கும் கணக்கு இது, ஆளெடுப்பவர்கள் கைக்குப் போகாது. பப்பில் யாராவது 'கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டண்ட் இந்துவா' என்று கேட்டால் சிரித்துவிடுங்கள், அரதப் பழசான ஜோக்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வாடகை வீடுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. விளக்குக் கம்பமெல்லாம் பிரிட்டிஷ் கொடி, நடைபாதை ஓரக் கல்லில் சிவப்பு வெள்ளை நீலம் என்றால் அது லாயலிஸ்ட் தெரு, அதாவது பிரிட்டன் விசுவாசிகளான புராட்டஸ்டண்டுகள் வாழும் தெரு. ஜூலை 11 ராத்திரி மரப்பலகைகளை மாடி உயரத்துக்கு அடுக்கி, நம் ஊர்ச் சொக்கப்பனை மாதிரி கொளுத்துவார்கள், மறுநாள், கத்தோலிக்க மன்னரைப் புராட்டஸ்டண்ட் மன்னர் வென்ற 1690 பாய்ன் போருக்காக ஆரஞ்சு சங்கம் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பின் ஊர்வலம். குடிமைச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும்தான் அவர்களுடைய முழக்கமே. பாட்டன் நடந்த பாதையில் நடப்பது எங்கள் சுதந்திரம் என்பார்கள், அந்தப் பாதையில் குடியிருக்கும் கத்தோலிக்கரோ, என் வாசலில் வந்து நீ தோற்றவன் என்று மேளமடித்துச் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குச் சுதந்திரம் என்பார். போர்ட்டடவுன் என்ற ஊரில் அந்த ஊர்வலம் கத்தோலிக்கர் வாழும் கார்வாகி சாலை வழியாகத் திரும்பி வர 1998-இல் தடை விழுந்தது, இன்றும் அது தீரவில்லை. 2012 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் மாநகராட்சிக் கட்டடத்தில் வருஷம் முழுக்கப் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றுவது என்று முடிவெடுத்ததற்கு லாயலிஸ்டுகள் மாதக்கணக்கில் சாலை மறியல் செய்தார்கள்.

இரு தரப்புச் சண்டையை நிறுத்த 1998-இல் வந்த பெரிய வெள்ளி ஒப்பந்தம் இதற்கு நல்ல வழிதான் சொன்னது: இந்த மண்ணின் மக்கள் ஐரிஷ், பிரிட்டிஷ், அல்லது இரண்டும் என்று தாமே சொல்லிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த மண்ணில் எழுதப்பட்டதிலேயே உருப்படியான வரி அதுதான்.

ஆனால் நாம் இரண்டிலும் இல்லை, அதனால் நம்மை விட்டுவிடுவார்கள் என்று நம்பி வராதீர்கள். 2024 ஆகஸ்டில் இதே பெல்ஃபாஸ்டில், லாயலிஸ்ட் பகுதியான சாண்டி ரோ பக்கம் வெளிநாட்டவர் கடைகளைக் கொளுத்தினார்கள். குடியேறிகளுக்கு எதிரான அன்றைய பேரணியில் பிரிட்டிஷ் கொடியும் ஐரிஷ் மூவர்ணமும் பக்கத்துப் பக்கத்தில் போயின, நூறு வருஷப் பகையாளிகளைச் சேர்த்து வைத்த பெருமை நமக்கு!

அதற்காக வராமல் இருக்க வேண்டாம், எங்கள் அக்கம்பக்கத்தில் எல்லாரும் தங்கமான மனிதர்கள். வந்ததும் கொஞ்ச நாள் குவீன்ஸ் பல்கலைக்கழகம் பக்கம் அறை எடுங்கள், எல்லா நாட்டுக்காரர்களும் கலந்து இருக்கும் இடம், வாடகை கூடத்தான் ஆகும். அப்புறம் அந்தத் தெருவை நேரில் போய்ப் பாருங்கள். அதற்குமுன் அட்வான்ஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.