நாள் முழுக்கக் கைப்பேசி பார்க்கிறாள், அதையே படிக்கவும் கேட்கிறாள்

வணக்கம் அம்மா.

உயர்நிலை மூன்றில் இருக்கும் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படிக்க விரும்புகிறாள் என்றும், "கைப்பேசி பார்ப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்று வீட்டில் தினமும் வாக்குவாதம் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பார்ப்பது படிப்பாகாது. அந்தத் திரைக்குப் பின்னால் யாருக்குப் பணம் போகிறது, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று ஆராய்வது படிப்புதான்.

இந்தத் துறையில் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரம் மிக அதிகம். டிக்டாக்கின் தலைமை நிர்வாகி நம்மைப் போல ஒரு சிங்கப்பூரர். பிள்ளைகளுக்கு அது தெரியும். சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியைப் பாதுகாப்பானதாக்குவதற்காக, வன்கொடுமையை வருணிக்கும் பத்திகளை கென்யாவின் நைரோபியில் உட்கார்ந்து நாள்தோறும் படித்து வகைப்படுத்தியவர்களைத் தெரியாது. அவர்களுக்கு மணிக்கு 2 அமெரிக்க டாலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்று டைம் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. பக்கத்திலேயே, மலேசியாவில், 2024 அக்டோபரில் டிக்டாக் நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியது. தீங்கான காணொளிகளைக் கண்டறிந்து நீக்கும் பணியில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுக்குப் போகிறது. எனவே "ஊடக வேலை கிடைக்குமா?" என்று கேட்பது போதாது. எந்தப் படியில் கிடைக்கும் என்று கேளுங்கள்.

மகளுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்றை நீங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அது தமிழ். மியன்மாரில் ரோஹிங்யா என்ற சிறுபான்மை மக்களுக்கு எதிரான வெறுப்பு ஃபேஸ்புக்கில் பரவியபோது, பர்மிய மொழி தெரிந்து அந்தப் பதிவுகளைப் பார்க்க நிறுவனத்திடம் மிகச் சிலரே இருந்தார்கள். தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் கவனம் மற்ற மொழிகளுக்குக் கிடைப்பதில்லை. தமிழில் வரும் ஒரு வசவு கேலியா மிரட்டலா என்று இயந்திரம் இன்றும் தடுமாறுகிறது. இரு மொழியிலும் நுணுக்கம் தெரிந்தவருக்குக் கொள்கை, ஆய்வு, செய்தி என்று மேல்படிகளில் இடம் உண்டு. ஆகவே தாய்மொழிப் பாடத்தில் "தேறினால் போதும்" என்று விட்டுவிடாதீர்கள். கணிதத்தையும் விடவேண்டாம். தரவைப் படிக்கத் தெரியாத ஊடகப் பட்டதாரி கீழ்ப்படியிலேயே நின்றுவிடக்கூடும்.

காணொளிப் பிரபலமாகும் ஆசை இருந்தால் அதை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளட்டும். நான் அதை ஒரு தொழில் திட்டமாக எண்ணுவதில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் ஈஏஇ எனப்படும் முன்கூட்டிய சேர்க்கையில், உயர்நிலைப் பள்ளி இறுதியில் வரும் தேசியத் தேர்வை எழுதுவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் காட்டி விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் பிறகு வேண்டும்தான். அங்கே பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் காட்டுவதைவிட, ஏதேனும் ஒன்றைக் கவனித்துச் செய்ததைக் காட்டுவது நல்லது. கருப்பொருளுக்கு நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கே போதும். 2020இல் பள்ளிகள் மூடி வீட்டிலிருந்தே கற்றல் நடந்தபோது, எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு கணினி இல்லை என்பது வெளிச்சமானது. உயர்நிலை மாணவர் அனைவருக்கும் சொந்தச் சாதனம் என்ற திட்டத்தை 2028இலிருந்து 2021க்கு முன்தள்ளினார்கள். மாணவர்களுக்குச் சாதனம் வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பாட்டிக்கு, அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் செயலியைத் திறக்க இன்னமும் பேரப்பிள்ளை வேண்டியிருக்கிறது. அவரிடம் பேசி மூன்று நிமிடக் காணொளி ஒன்றை மகள் எடுக்கட்டும். அனுமதி கேட்டு எடுக்கவேண்டும், அதுவும் பயிற்சிதான்.

கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்கு நீங்களும் கூடப் போங்கள். வேலைப் பயிற்சிக்கு மாணவர்களை எந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள், அங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று விரிவுரையாளரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அடுத்த கல்லூரியின் கூடத்துக்கு நடந்துவிடலாம்.