மாநில பட்ஜெட்டில் ஒரு நலத்திட்டத்துக்கான ஒதுக்கீடு போதுமானதா என்று எப்படிக் கணிப்பது?

மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பதை விட, அதைப் பயனாளி ஒருவருக்கு ஆகும் செலவால் வகுத்துப் பார்ப்பதே முதல் வேலை. 2023 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திட்டம் செப்டம்பரில் தொடங்கும் என்பதால், அந்த நிதியாண்டில் ஒருவருக்கு ஏழு மாதங்கள், அதாவது 7,000 ரூபாய். வகுத்தால் ஒரு கோடிப் பெண்கள். "தகுதி வாய்ந்த குடும்பத் தலைவிகள்" என்ற சொற்றொடருக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்பதை பட்ஜெட் உரையை விட இந்த எளிய வகுத்தலே தெளிவாகச் சொன்னது. தொடக்கத்தில் பயன்பெற்றவர்கள் சுமார் 1.06 கோடிப் பேர். முழு ஆண்டுக்கு இதுவே 12,720 கோடி ஆகிவிடும். எனவே, ஆண்டின் நடுவில் தொடங்கும் திட்டங்களின் முதலாண்டு ஒதுக்கீட்டை வைத்து அதன் சுமையை எடைபோடக் கூடாது.

அடுத்து, அந்தச் செலவுக்குப் பணம் தரும் வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, மாநிலம் தானே விகிதத்தை மாற்றக்கூடிய இனங்கள் சுருங்கிவிட்டன: பெட்ரோல், டீசல், மதுபானம், முத்திரைத் தீர்வை, வாகன வரி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று அரசே கணக்கிட்டது.

பற்றாக்குறையிலும் இரண்டு வகை உண்டு. மொத்தச் செலவில் கடன் வாங்கி ஈடுகட்டும் பகுதி நிதிப் பற்றாக்குறை; பாலம் கட்டக் கடன் வாங்குவது அதைக் கூட்டும். அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாதபோது ஏற்படுவது வருவாய்ப் பற்றாக்குறை, கவலைக்குரியதும் அதுதான். மதிப்பீட்டோடு நிறுத்தாமல், பட்ஜெட் ஆவணத்தில் இரண்டாண்டுக்கு முந்தைய உண்மைச் செலவைக் காட்டும் பத்தியையும் (column) அருகில் வைத்துப் படியுங்கள்.