'டூம்' என்ற ஆங்கிலச் சொல்லின் சரியான பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

அகராதியில் 'அழிவு', 'கேடு' என்று போட்டிருக்கிறது, அப்படியானால் மற்ற அழிவுச் சொற்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். வேறுபாடு உண்டு. அது நீதிமன்றத்தில் தொடங்குகிறது. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வாதி, பிரதிவாதி, மேற்படி சொத்து என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவன் நான். அதனால் இந்தச் சொல் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பழைய ஆங்கிலத்தில் இது 'டோம்'. சட்டம், ஆணை, தீர்ப்பு என்பவைதான் பொருள். பயமுறுத்தும் வாடையே கிடையாது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் தொகுத்த சட்ட நூலுக்கு 'டோம்போக்' என்று பெயர். வழக்கில் ஜெயித்தாலும் டோம், தோற்றாலும் டோம். கிங்டம், ஃப்ரீடம் ஆகியவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'டம்' இதே சொல்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை 'டீம்டு' என்கிறார்களே, அதுவும் இதன் உடன்பிறப்பு. முதலில் தீர்ப்பளித்தல், பிறகு அப்படிக் கருதுதல்.

1085 கிறிஸ்துமஸின்போது வில்லியம் மன்னர் இங்கிலாந்து முழுவதையும் கணக்கெடுக்க உத்தரவிட்டார். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவரைக்கும் ஆலை என்று எல்லாம் 1086இல் ஏட்டில் ஏறின. ஒரு பசு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை என்று அக்கால வரலாற்றுக் குறிப்பொன்று எரிச்சலோடு சொல்கிறது. நம் ஊர் நிலக் கணக்கான அடங்கலை ஒரு நாடு முழுவதற்கும் எழுதியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியதை எதிர்த்து அப்பீல் கிடையாது. ஆகவே ஒரு நூற்றாண்டுக்குள் மக்கள் அதை 'டூம்ஸ்டே' ஏடு என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். இறுதித் தீர்ப்பு நாளில் கடவுள் சொல்வதை மாற்ற முடியாது, இதையும் மாற்ற முடியாது என்ற குத்தல்.

சொல்லின் முகம் கறுத்தது அந்த இறுதித் தீர்ப்பு நாளால்தான். இடைக்கால இங்கிலாந்தின் தேவாலயங்களில், வழிபடுவோர் நிமிர்ந்தாலே தெரியும்படி அந்த நாளைச் சுவரில் வரைந்து வைத்தார்கள். ஒரு பக்கம் மோட்சம் போகிறவர்கள், மறுபக்கம் பிசாசுகள் இழுத்துப் போகிறவர்கள். அந்த ஓவியங்களுக்கே 'டூம்' என்று பெயர். பார்க்கிறவன் கண் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பு என்பது தண்டனையாகி, தண்டனை கெட்ட முடிவாகி, 1600 வாக்கில் நாசம் என்ற பொருளே முன்னால் வந்து நின்றுவிட்டது.

இதற்கும் தமிழ் வேர் காட்ட யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேர் இந்தோ-ஐரோப்பியம், பொருள் 'வைத்தல், நிறுவுதல்'. செய்வதைக் குறிக்கும் 'டூ' என்ற சிறிய ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்துதான். சமஸ்கிருதத்தில் அதே வேர் 'தா' என்ற வினையாகி, அதன் வழியாக நாம் கடன் வாங்கிய 'விதி' வருகிறது. நீதிபதி அபராதம் விதிக்கிறார். அவன் விதி அவ்வளவுதான் என்றும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டுகளில் நடந்த தூரம் நம் சொல்லுக்குள் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே 'டூம்' என்பதற்கு 'அழிவு' என்று மட்டும் எழுதும் அகராதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்பே விதிக்கப்பட்டு, பிறகு வந்து சேரும் அழிவுதான் டூம்.

1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் உயிர்களை அடித்துச் சென்றது. அது பேரிடர். 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களில் சிலரை விசாரித்து, தீர்ப்பெழுதி, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்களே, அது பழைய பொருளிலும் புதிய பொருளிலும் டூம்.

இன்னும் தெளிவாக வேண்டுமானால் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். துரியோதனன் சாகும் நாளான படுகளத்தன்று அவன் மண்ணால் ஆன பிரம்மாண்ட உருவமாக மல்லாந்து கிடப்பான். கூத்தாடும் பீமன் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்பு நீர் கசியும். அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலை முடிப்பார்கள். கூட்டத்தில் யாருக்கும் அது எதிர்பாராத முடிவு அல்ல. சில நாட்களுக்கு முன், சூதாட்டமும் துகிலுரிதலும் நடக்கும் 'பகடை துகில்' கூத்து இரவிலேயே சபதம் போட்டாயிற்று. இடைப்பட்ட இரவுகளில் துரியோதனன் கிரீடம் ஜொலிக்க எவ்வளவு துள்ளினாலும், ஆங்கிலத்தில் அவனுக்கு 'டூம்டு' என்றுதான் பெயர்.

கொரோனா நாட்களில் பரவிய 'டூம்ஸ்க்ரோலிங்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். கெட்ட செய்திகளாகவே தேடித் தேடிக் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான்.

பழைய பொருள் செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவில் உயர் நீதிமன்ற நீதிபதியை இன்றும் 'டீம்ஸ்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே வாய்தா வாங்குவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.