கூட்டாளியோடு வண்டி ஏறலாமா?

அண்ணனுக்கு வணக்கமுங்க.

எனக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். வயது 23. நானும் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கும் நண்பனும் இந்த வருடம் ஹெவி லைசன்ஸ் எடுத்துவிட்டோம். நாமக்கல்லில் ஒரு ஓனர் பத்துச் சக்கர லாரி ஒன்றை எங்கள் இருவரிடமும் தருவதாகச் சொல்கிறார். நாக்பூர் லோடு. ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்க, வண்டி நிற்காமல் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. அமெரிக்காவில் நண்பர்களும் புருஷன் பெண்டாட்டியும் இப்படி ஜோடியாக ஓட்டுவதை யூடியூபில் பார்த்தோம். முகம் தெரியாத டிரைவரிடம் போய்த் திட்டு வாங்குவதைவிட, தெரிந்தவனோடு போவது நல்லதுதானே? வீட்டிலும் இரண்டு பேராகப் போனால் பயமில்லை என்கிறார்கள். நீங்கள் வண்டி ஓட்டியவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வருடம் வேண்டாம். ஆளுக்கு ஒரு பழைய டிரைவரிடம் தனித்தனியாகப் போங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்தபிறகு, தாராளமாக ஒரே வண்டியில் ஏறுங்கள். திட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்கிறீர்கள். அந்தத் திட்டுக்காகத்தான் போகச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் நேராக ஸ்டியரிங்கைப் பிடித்தவன் கிடையாது. கிளீனராக ஏறி, ஸ்டெப்னி மாற்றி, கிரீஸ் அடித்து, மழையில் பாடி மேலே நின்று தார்ப்பாய் இழுத்துக் கட்டி, நாலைந்து வருடம் கழிந்தபிறகு ஏதோ ஒரு ராத்திரி காலி ரோட்டில் டிரைவர் அண்ணன், 'டேய், செத்த நேரம் பிடி' என்பார். அதுதான் பட்டமளிப்பு. இப்போது கிளீனருக்கு ஆளே கிடைப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்கவேண்டும் என்ற விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். அந்த விதி இருந்தபோதும் பல வண்டிகளில் இரண்டாவது டிரைவர் காகிதத்தில்தான் இருந்தார் என்பது வேறு விஷயம். ஆக, நீங்கள் டிரைவிங் ஸ்கூலில் படித்து வந்த தலைமுறை. குற்றம் சொல்லவில்லை. நீங்கள் தாண்டி வந்துவிட்ட அந்தக் கிளீனர் வருடங்களை எங்காவது ஈடுகட்டித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்கக் கதையை முழுதாகச் சொல்கிறேன். அங்கே ஒரு டிரைவர் 10 மணி நேரம் ஓய்ந்தபிறகு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதுவும் வேலைக்கு ஏறியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள். வண்டியில் இருக்கும் மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஆள் நின்றால் வண்டியும் நிற்கும் என்பதால்தான் கம்பெனிகள் ஜோடி தேடுகின்றன. ஆனால் புதிதாக லைசன்ஸ் எடுத்தவனைப் பெரிய கம்பெனிகள் முதலில் சில வாரங்கள் பயிற்சி டிரைவரோடுதான் அனுப்புகின்றன. நீங்கள் பார்த்த வீடியோக்களில் இது வந்திருக்காது.

உங்கள் ஓனரின் கணக்குக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். லோடு வண்டிக்குச் சராசரி மணிக்கு 40 என்று வைத்தால் 33 மணி நேர ஓட்டம். ஒற்றை டிரைவர் ஒழுங்காகத் தூங்கி ஓட்டினால் நாலாம் நாள்தான் போய்ச் சேருவார். இரண்டு பேர் என்றால் இரண்டாம் நாள் ராத்திரியே லோடு இறங்கும் இடத்தில் நிற்கலாம். கணக்கு சரிதான். ஆனால் பின்னால் படுத்திருப்பவன் தூங்கினால்தான் அது சரி. அவன் தூங்கமாட்டான். புதுக் கை ஓட்டும் வண்டியில் இன்னொரு புதுக் கைக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு பிரேக்குக்கும் கண் திறக்கும். ஓட்டுபவன், படுத்திருப்பவன் இரண்டு பேருமே விழித்துக்கொண்டு போவீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவனுடைய நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நம் சட்டம் விடுகிற அளவு 0.03தான். குடிக்காமலே இரண்டு பேரும் அந்த நிலைக்கு வந்து சேருவீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். திருச்செங்கோட்டுக்காரன் ஒருவன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், அவனும் நானும் ஸ்டியரிங் பிடித்து ஒரு வருடம்கூட ஆகாதபோது ஒரே வண்டியில் ஏறினோம். போகும்போது சிரிப்பும் பாட்டுமாகப் போனோம். திரும்பும் லோடில், தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். விடியற்காலை மூன்றரை மணி. அவன் ஓட்டுகிறான், நான் பின்னால் கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். திடீரென்று இன்ஜின் இரைச்சல் அடங்கியது. டீசலை மிச்சம் பிடிக்க, கியரை எடுத்து நியூட்ரலில் போட்டுவிட்டான். மிச்சமாகும் டீசல் எங்களுக்கு என்பது ஓனரோடு பேச்சு.

எனக்குத் தெரிந்தது, தம்பி. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்தின நாள்தான் படிக்காசை, அதாவது ஓனர் தரும் தினப்படியை, பிரிப்பதில் இரண்டு பேருக்கும் முறுக்கிக்கொண்டது. இப்போது வாயைத் திறந்தால், 'நீ பெரிய டிரைவர் வந்துட்டே' என்பான். பேசாமல் கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் பிரேக் லைனர் கருகிய வாடை. நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது, முழுப் பாரமும் பிரேக் டிரம்மின் தலையில்தான். மீடியன் சுவரில் உரசி உரசி ஒருவழியாக வண்டி நின்றது. முன்னால் ஒரு காரோ பைக்கோ போயிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். பம்பர், லைட், ஒரு பக்கப் பாடி எல்லாம் போய், எங்கள் சம்பளத்திலிருந்து மாதக்கணக்கில் பிடித்தார்கள். எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

(டீசல் மிச்சம் என்பதும் இப்போது பொய்க்கணக்கு. இன்றைய எலக்ட்ரானிக் இன்ஜின்கள், கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் குடிக்கும். இதை எந்த ஓனரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.)

அன்றைக்குப் பின்னால் படுத்திருந்தது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டிரைவர் அண்ணனாக இருந்திருந்தால், நியூட்ரல் விழுந்த மறு நொடி மாப்பிள்ளையின் பின்மண்டையில் ஒரு அடி விழுந்திருக்கும். நண்பனால் அது முடியாது. ஒத்த வயசு, ஒத்த அனுபவம். யார் யாரைத் திருத்துவது? பக்கத்தில் ஆள் இருக்கிற தைரியம் மட்டும் கூடிக்கொண்டே போகும். உங்கள் வீட்டில் சொல்லும் பயமின்மைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரி, ஒரு வருடம் கழித்துச் சேர்ந்து ஏறுகிறீர்கள் என்று வைப்போம். அப்போது ஓட்டும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்துப் பிரியுங்கள், முகத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். 'நீ இன்னும் கொஞ்சம் தூங்குடா' என்பது பாசம்தான், ராத்திரி இரண்டிலிருந்து ஐந்துக்குள் அந்தப் பாசம் ஆளைக் கொன்றுவிடும். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரம் ஓய்வு என்று எழுதிவைத்தது. எழுப்பியவுடன் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். தூங்கி எழுந்தவனுக்குத் தெளிய இருபது நிமிடமாவது வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, டீ குடித்து, டயரை ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறட்டும். வண்டியை நிறுத்தச் சொல்வது யாராக இருந்தாலும் அவன் சொல்வதே முடிவு: ஸ்டியரிங்கில் இருப்பவன் 'நிறுத்தணும்' என்றால் நிறுத்தவேண்டும், படுத்திருப்பவன் 'நிறுத்து' என்றாலும் நிறுத்தவேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

காசு விஷயத்தில் ஓனரிடம் முன்னாலேயே வாய் திறந்து கேளுங்கள். இரண்டு ஆளுக்கும் தனித்தனிச் சம்பளமா, ஒரு ஆள் சம்பளத்தை இரண்டாகக் கிழித்துத் தருகிறாரா? பலர் செய்வது இரண்டாவது. அப்படியென்றால் அவருக்கு இரண்டு மடங்கு ஓட்டம், உங்களுக்குப் பாதிக் கூலி. படி, டோல், பஞ்சர் எல்லாம் ஒரே நோட்டில் அன்றன்றைக்கே எழுதவேண்டும். இன்னொன்று: யார் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை ஓட்டினார் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அஜாக்கிரதையாக ஓட்டி உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை, அது ஸ்டியரிங்கில் இருந்தவனுக்கு மட்டும். 'நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிடு' என்று ஒரு நண்பன் இன்னொரு நண்பனிடம் கேட்கும் நிலை வரவே கூடாது.

மாப்பிள்ளையும் நானும் நாலு வருடம் கழித்து மறுபடி ஒரே வண்டியில் ஏறினோம். அந்தத் தடவை நாக்பூர் போகிற வழியில், ஐதராபாத் தாண்டி அவன் எழுப்பும்வரை நான் குறட்டை விட்டுத் தூங்கினேனாம். இப்போது மாப்பிள்ளை போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறான். இந்தப் பதிலை அவனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி, அன்றைக்குத் தொப்பூரில் நியூட்ரலே போடவில்லை, மூன்றாவது கியரில்தான் வந்தோம் என்று இன்னமும் சாதிக்கிறான்.